ரெடிஸ் மீண்டு வந்த பிறகும் செலரி வொர்க்கர் வேலைகளை எடுப்பதில்லை

உபுண்டு 22.04 சர்வரில், ரெடிஸை (நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளம்) வேலை வரிசையாகக் கொண்டு, செலரி 5.3 வொர்க்கரை (வரிசையிலிருந்து பின்னணி வேலைகளை எடுத்துச் செய்யும் புராசஸ்) சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை இயக்கிக் கவனிக்கும் அமைப்பு) சேவையாக இயக்கி வருகிறேன். பயனர்களுக்கான மின்னஞ்சல்கள் யாவும் இதன் வழியே செல்வதால் தாமதம் அவர்களை நேரடியாகப் பாதிக்கிறது.

ரெடிஸ் மறுதொடக்கமானால், வொர்க்கர் மீண்டும் இணைந்துவிட்டதாக லாகில் எழுதிவிட்டு, அதன்பின் ஒரு வேலையைக்கூட எடுப்பதில்லை. வரிசையின் நீளம் ஏறிக்கொண்டே போக, சிஸ்டம்டியோ சேவை நலமாக இயங்குவதாகவே காட்டுகிறது. புராசஸ் நின்றுவிடாததால்தான், தானாக மறுதொடக்கம் செய்யும் அமைப்பு இங்கே பயன்படவில்லை என்று கருதுகிறேன். நினைவகத்தில் குறையில்லை. வொர்க்கர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் காசிப், மிங்கிள் வசதிகள் இரண்டையும் அணைத்துப் பார்த்தேன். விசிபிலிட்டி டைம்அவுட்டை (எடுத்த வேலைக்கு ஒப்புதல் வராவிட்டால் அதை மீண்டும் வரிசைக்கு அனுப்பும் காலவரம்பு) இயல்பான 3600 வினாடியிலிருந்து குறைத்தும் பயனில்லை. கையால் மறுதொடக்கம் செய்தால் மட்டுமே தேங்கியவை நகர்கின்றன.

இயங்கிக்கொண்டே வேலை எடுக்காத இந்த நிலையைத் தானாகக் கண்டறிந்து, கையிலுள்ள வேலைகளை இழக்காமல் வொர்க்கரை மறுதொடக்கம் செய்ய நம்பகமான வழி எது?