டுவல் பூட் லப்டொப்பில் ஐந்தரை மணித்தியாலம் எங்க போகுது?

கோண்டாவில்:
விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் போட்டு, தொடங்கேக்க ஒண்டைத் தெரிவு செய்யிற (டுவல் பூட்) லப்டொப்பில், லினக்ஸில் வேலை முடிச்சு விண்டோஸுக்குப் போனால், காலமை 10 மணிக்குக் கடிகாரம் 4.30 காட்டும். விண்டோஸ் நேரத்தைத் திருத்தின பிறகு லினக்ஸுக்கு வந்தால், இன்ரநெற் கிடைக்கும்வரை பின்னேரம் 3.30. மதர்போர்ட் கடிகாரத்தை ஓட்டுற சின்னப் பற்றரி போட்டுது எண்டு கழட்டமுதல் வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கோ. சரியா 5.30 எண்டால் பற்றரியில் பிழை இல்லை. மதர்போர்ட் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமா வாசிக்கும். இலங்கை 2006 ஏப்ரலில இருந்து உலக நேரத்துக்கு 5.30 முன்னுக்கு நிக்குது. காணாமல் போறது அந்த 5.30தான். அரை மணித்தியாலம் மட்டும் முந்தினால் நேர வலயத்தில் கொலம்போவுக்குப் பதிலா டாக்கா தெரிவாகி இருக்கோ எண்டு பாருங்கோ.

விண்டோஸ் பக்கம் திருத்திறதுதான் நல்லது. விண்டோஸின் உள் அமைப்புகளை மாத்துற ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் எண்டு போய், அதுக்குள்ள ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ எண்ட பெயரை இடைவெளி இல்லாமல் குடுத்து, டிவேர்ட் எண்ட எண் வகையில் 1 போடவேணும். பிறகு றீஸ்ராட்.

சுன்னாகம்:
அண்ணை, வேலைத்தலத்து லப்டொப்பில் ரெஜிஸ்ட்ரியைத் தொட உரிமை தரமாட்டினம். லினக்ஸ் ரெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளைக்கு, மதர்போர்ட் கடிகாரத்தை (ஆர்டிசி) உள்ளூர் நேரத்தில் வைக்கச்சொல்லி ‘செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ குடுத்தால் ஒரு வரியில் காரியம் முடியுது. அதைச் செய்யாதேங்கோ எண்டு எச்சரிக்கை வாறதுக்குப் பெரிய காரணம், கோடை காலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்கிற நாடுகள். இங்க அந்த வழக்கமே இல்லையே.

பருத்தித்துறை:
தம்பி சொல்லுறது இலங்கைக்குப் பொருந்தும். ஆனால் நிறுவாமலே லினக்ஸ் ஓடுற லைவ் பென் டிரைவில் ஒருக்கா பூட் பண்ணி இன்ரநெற் குடுத்தால், அது திரும்ப உலக நேரத்தை எழுதிப்போடும்.

அதைவிட மோசம், ரெண்டு வைத்தியத்தையும் சேர்த்துச் செய்யிறது. இப்ப விண்டோஸ் உலக நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை உள்ளூர் நேரமா வாசிக்கும். பிழை மற்றப் பக்கம் மாறி, லினக்ஸ் 5.30 பிந்திப் போகும். உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் வகைகள் எண்டால் அப்டேட் குடுக்கேக்க ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகேல்ல’ எண்டு மறுக்கும். அந்த நேரம் சேர்வரைக் குறை சொல்லிக்கொண்டு மிரரை (அப்டேட் எடுக்கிற மாற்றுச் சேர்வரை) மாத்துறதில பிரயோசனம் இல்லை. டைம்டேட்சிடிஎல் காட்டுற ‘ஆர்டிசி டைம்’ வரியைப் பாருங்கோ. அது உலக நேரத்தோட ஒத்துப்போனால் லினக்ஸில் 1ஐ 0 ஆக்குங்கோ.

பற்றரி உண்மையில் போனால் அறிகுறி வேற. கரண்ட் நிண்டு வந்த பிறகுதான் தெரியும். டெஸ்க்டொப் பிளக்கில் இருக்கும்வரை கடிகாரத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். வருசமே பல வருசம் பின்னுக்குப் போகும். பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் சான்றிதழ் பிழை எண்டும். சிஆர்2032 பற்றரியை மல்டிமீற்றரில் அளந்தால் 3 வோல்ற் அளவில் நிக்கவேணும். 2.5க்குக் கீழ எண்டால் மாத்துங்கோ. லப்டொப்பில் அதே பற்றரி பெரும்பாலும் வயரோட வரும், சும்மா வில்லையை வாங்கிப் போடேலாது.

சாவகச்சேரி:
இதே மெஷின்களில் மற்ற வில்லங்கம் டி டிரைவ். லினக்ஸில் திறக்கும், வாசிக்கும், ஒண்டும் சேமிக்க விடாது. காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்ராட்டப். ஷட் டவுன் குடுத்தாலும் அது முழுசா அணையாது. கேர்னலை (விண்டோஸின் மையப் பகுதியை) டிஸ்க்கில் எழுதி வச்சிட்டுத் தூங்கும். எழும்பேக்க பழைய கோப்பு அட்டவணையை நினைவில் வச்சுக்கொண்டு எழும்புறபடியால், இடையில் லினக்ஸ் எழுதினதைச் சிதைச்சுப்போடும். லினக்ஸ் எழுத மறுக்கிறது உங்கட கோப்புகளைக் காப்பாத்தத்தான்.

கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்ராட்டப் ரிக்கை எடுத்துவிடுங்கோ. அவசரம் எண்டால் விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதிலா றீஸ்ராட் குடுத்து நேரா லினக்ஸுக்கு வாங்கோ, றீஸ்ராட்டில் முழுசா அணையும். விண்டோஸ் தூங்கேக்க எழுதி வச்ச ஹைபர்னேஷன் கோப்பை அழிச்சு டிரைவை மவுண்ட் பண்ணுற (இணைக்கிற) லினக்ஸ் ஒப்ஷனைக் கடைசிவரை தொடாதேங்கோ. விண்டோஸில் சேமிக்காமல் விட்ட வேலை இருந்தால் அதோட போயிடும்.

கோண்டாவில்:
விண்டோஸின் பெரிய அப்டேட் முடிஞ்ச கையோட ஃபாஸ்ட் ஸ்ராட்டப் ரிக்கைத் திரும்ப ஒருக்கா பார்க்கிறது நல்லது.