இடம் மாறி உட்கார்ந்த பேட்ச்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து:

பேக்கேஜ் பராமரிப்பில் பட்ட பாட்டைக் கேட்டிருந்தீர்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்குக்கு, சரக்கின் எடையை லேபிளில் அச்சிடும் கட்டற்ற மென்பொருளை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவும்படி பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்கிறேன். எனக்கு முன்பு பார்த்தவர் 11 பேட்ச் (மூல நிரலில் செய்யும் சிறு மாற்றங்களின் கோப்பு) விட்டுப் போயிருந்தார். ஒன்று, லேபிளில் தசமப் புள்ளியைக் காற்புள்ளி ஆக்குவது. தென்னாப்பிரிக்கப் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானே. ஏன், எதற்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அப்ஸ்ட்ரீமில், அதாவது மென்பொருளை எழுதும் மூலக் குழுவிடம், புதுப் பதிப்பு வந்தது. பேட்சுகளை வரிசையாக ஏற்றும் கில்ட் கருவியில் மற்றதெல்லாம் சரியாக ஏறின. இந்தக் காற்புள்ளி பேட்ச் மட்டும் 'ஆஃப்செட் 9 வரி', அதாவது 9 வரி தள்ளி ஏறியது என்றது. சுற்றியுள்ள வரிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் (இதை ஃபஸ் என்பார்கள்), மூலப் பேக்கேஜைக் கையாளும் டிபிகேஜி-சோர்ஸ் ஏற்காது. இடம் மட்டும் தள்ளியிருந்தால் விட்டுவிடும். நானும் விட்டுவிட்டேன்.

அங்கேதான் தப்பு. அச்சிடும் ஃபங்ஷனைக் கீழே தள்ளிவிட்டு, கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே அதே சாயலில் இன்னொன்றைச் சேர்த்திருந்தார்கள். எடையை, காற்புள்ளியால் கட்டம் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் எழுதும் ஃபங்ஷன் அது. பேட்ச் போய் அதில் உட்கார்ந்துகொண்டது. கோப்பில் 12,5 என்று விழ, எடை இரண்டு கட்டமாக உடைந்து, பின்னால் இருந்த எண்ணெல்லாம் ஒரு கட்டம் நகர்ந்துவிட்டது. பேக்கேஜைக் கட்டும்போது ஒரு எச்சரிக்கையும் இல்லை. லேபிள் ஒட்டும் அக்கா ஒருவர், "தம்பி, புள்ளி திரும்பி வந்திருக்கே" என்று சொன்ன பிறகுதான் தோண்டினேன். அதற்குள் மூன்று நாள் கணக்கு போயிருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. 2006-இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் போட்ட ஒரு பேட்ச் சீரற்ற எண் உருவாக்கத்தையே கெடுத்தது. 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. ஒரு வகைக் குறியாக்கச் சாவிக்கு ஏறத்தாழ 32,768 வாய்ப்புதான் மிஞ்சியிருந்தது, அதனால் சாவியை ஊகித்துவிடலாம். அதுவும் நல்லெண்ணத்தில் போட்டதுதான்.

இப்போதெல்லாம் புதுப் பதிப்பை இறக்கும் முன்பே ஜிபிபி பிகியூ இம்போர்ட் என்ற கட்டளை கொடுத்து, ஒவ்வொரு பேட்சையும் ஒரு கிட் கமிட் (மாற்றங்களைத் தடம் வைக்கும் கிட் கருவியில் ஒரு பதிவு) ஆக்கிவிடுகிறேன். பதிப்பை இறக்கிய பிறகு ரீபேஸ், அதாவது அந்தப் பதிவுகளைப் புதுப் பதிப்பின் மேல் மறுபடி ஏற்றுவது. பழைய மூலம் எது என்று கிட்டுக்குத் தெரியும் என்பதால், குழப்பம் வந்தால் பெரும்பாலும் மோதல் என்று நிறுத்திக் கேட்கிறது.

ஜோகன்னஸ்பர்க், லெனேசியாவிலிருந்து:

அண்ணா, அந்த 11-க்கும் விளக்கம் எழுதிவிடுங்கள். பேட்சுக்குக் குறிப்பு எழுத டெபியனில் உள்ள டி.இ.பி-3 முறையில் விளக்கம், எங்கிருந்து வந்தது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா என்று மூன்று வரி போதும். நான் நாலு வருடம் சுமந்த ஒரு பேட்ச் உண்டு. 2016 ஜூலையில் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் நடந்த டெப்கான்ஃப் என்ற டெபியன் மாநாட்டில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இதை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவே அனுப்பினேன், அடுத்த பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பேட்சுகளைப் பட்டியலிடும் சீரீஸ் கோப்பில் அந்த வரியை அழித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் காற்புள்ளியை லொகேல் (கணினியில் அமைத்துள்ள நாடு, மொழி) பார்த்து முடிவெடுக்கும்படி மாற்றி அனுப்பிப் பாருங்களேன். நானும் கூட இருந்து சோதித்துத் தருகிறேன்.