புதுப்பிப்பு: சாட்டிக் கரையில் பறந்த கூடாரம்

போன கிழமை எழுதியிருந்தேனே, யாழ்ப்பாணத்து வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரையில் இரவுத் தூண்டிலுக்குக் கொண்டுபோன மடிப்புக் கூடாரத்தைச் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தூக்கிப் பற்றைக்குள் எறிந்த கதை? நேற்றுத் திரும்பப் போனோம். இந்த முறை விடியும்வரை நின்றது.

கூடாரத்தோடு வந்த கம்பி முளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். உலர்ந்த மணலில் அவை சோற்றில் குத்திய ஈர்க்கு மாதிரி. பதிலுக்கு நாலு உரப்பை. பாதிக்கு மணல் நிரப்பி வாயைக் கட்டி, முழங்கை ஆழக் குழியில் கிடத்தி, மூடி, நன்றாக மிதித்தோம். கயிறு மட்டும் சரிவாக வெளியே வரும். இனிக் காற்று இழுப்பதென்றால் மேலே கிடக்கிற மணலையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்.

ஆனால் என் உண்மையான பிழை வேறு. அன்று கம்பை நிமிர்த்திவிட்டுத்தான் கட்ட ஓடினேன். நேற்றுக் கரையில் மீனவர் தங்கும் வாடியில் இருந்த ஐயா ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, காத்து வாற பக்கத்தை முதல் கட்டு. பிறகு எழுப்பு" என்றார். துணி தரையில் கிடக்கும்போதே தென்மேற்குப் பக்கத்து மூலை இரண்டையும் கட்டினோம்; எழுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாசலைக் காற்றுக்கு மறைவான பக்கம் வைத்தோம்.

மரத்தில் கட்டலாமே என்று கேட்டவருக்கு: கிட்டடியில் மரமே இல்லை.

மீனா? ஒரேயொரு கெளுத்தி. அதுவும் முள்ளால் குத்திவிட்டுத்தான் வந்தது.