கோதுமையை விட்டு இரண்டு மாதம் ஆகியும் நீண்ட ஓட்டத்தில் வயிறு உப்புகிறது

வேளச்சேரி ஓட்டக்காரி:
போன ஜனவரியில் 21 கிலோமீட்டரை 2 மணி 6 நிமிடத்தில் முடித்தேன். அப்புறம் மெல்ல மெல்லக் கால் கனத்தது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 8.9. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி இரண்டிலும் சீலியாக் என்று வந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் நோயாம்.

சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு சாம்பார் சாதம், அப்பளம். காலை நாலரைக்கு வாழைப்பழமும் பாலில் கலந்த மால்ட் பானமும். வழியில் தெம்புக்காக உறிஞ்சும் இனிப்பு ஜெல். ஆனாலும் 12ஆவது கிலோமீட்டர் வாக்கில் வயிறு பந்து மாதிரி உப்பி, ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கிறது. சோறுதானே சாப்பிடுகிறேன்? ஜெல்லில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று போட்டிருக்கிறது, அதுதான் காரணமா?

ஞாயிறு நடை:
டென்னிஸ் வீரர் ஜோகோவிச் குளூட்டனை விட்ட பிறகுதானே 2011இல் மூன்று கிராண்ட் ஸ்லாம் ஜெயித்தார்! நானும் நாளை முதல் கோதுமைக்கு முழுக்குப் போடலாம் என்றிருக்கிறேன்.

கம்பங்கூழ்:
எனக்கு சீலியாக் வந்து ஒன்பது வருடம், இன்னும் ஓடுகிறேன். ஜெல்லை விடுங்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பெயரில்தான் மால்ட் இருக்கிறது, பெரும்பாலும் சோளமாவிலிருந்து எடுப்பது. நிஜ மால்ட் உங்கள் காலை டம்ளரில் இருக்கிறது. அது முளைகட்டிய பார்லி. கோதுமை மாதிரியே பார்லியிலும் குளூட்டன் உண்டு.

அடுத்தது சாம்பார். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம். எனக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆயிற்று, அதுவரை ரசத்தை மருந்தாகக் குடித்துக்கொண்டிருந்தேன்! அரிசி மாவு சேர்த்ததும் கடையில் கிடைக்கிறது. அப்பளத்திலும் பெருங்காயம் இருக்கலாம். ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே நம் தோசையையும் வார்ப்பார்கள், ரவா தோசை மாவில் மைதாவும் இருக்கும். நான் வெளியூர்ப் போட்டி என்றால் இட்லியோடும் வீட்டிலிருந்து கொண்டுபோன பொடியோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

பாலையும் சந்தேகப்படுங்கள். குடலின் உட்சுவர் தேறும்வரை பால் சர்க்கரை செரிக்காமல் போகலாம். அதே சுவர்தான் இரும்பையும் உறிஞ்ச வேண்டும், அதனால்தான் மாத்திரை பலிக்கவில்லை. தேற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வேகத்தைத் துரத்தாதீர்கள். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு வந்துவிடும். எனக்குப் பேரீச்சையும் கடலை மிட்டாயும் ஒத்துப்போகின்றன.

ஞாயிறு நடை அண்ணா, வயிற்றில் தொல்லை இருந்தால் முதலில் பரிசோதனை, அப்புறம் முழுக்கு. கோதுமையை நிறுத்திய பிறகு பார்த்தால் ரத்தத்தில் தடயம் மங்கிவிடும். தொல்லையே இல்லை என்றால் சப்பாத்தியை விட்டதற்காகக் கால் வேகமாக ஓடாது.

வேளச்சேரி ஓட்டக்காரி:
டப்பாவைப் பார்த்தேன். கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. "பெருங்காயம் இல்லாத சாம்பாரா?" என்று அம்மா என்னை முறைக்கிறார். அரிசி மாவு சேர்த்ததை வாங்கி வந்துவிட்டேன். மால்ட், பால் இரண்டையும் நிறுத்தியாயிற்று. ஞாயிறு 16 கிலோமீட்டர், முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.