கேஸ் சிலிண்டர் கசிந்தால் அமைச்சரை எங்கே பிடிப்பது?

கேள்வி: கல்லடி இடியப்பக்காரி

வீட்டில் இருந்தே இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். போன கிழமை புதிதாக வாங்கிய 12.5 கிலோ சிலிண்டரைப் பூட்டினால் மணம் வருகிறது. ரெகுலேட்டர்தான் பிழை என்று நினைத்துச் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ரெகுலேட்டரில் ஒன்றும் இல்லை. வால்வின் அடியில் நுரை குமிழ் குமிழாகப் பொங்குகிறது. அப்படியே தூக்கி முற்றத்து மாமரத்தடியில் வைத்துவிட்டு அன்றைக்கு விறகில் அவித்தேன். இரண்டு கடைக்குக் கொடுக்க முடியாமல் போய்விட்டது. கடைக்காரர் கம்பனிக்குச் சொல்லுங்க என்கிறார், கம்பனியில் கடையிலேயே மாற்றுங்க என்கிறார்கள்.

2021 கடைசியில் அடுப்பு வெடித்த செய்திகள் வந்தது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் உள்ளே எடுத்தோம். என் வீட்டுச் சுவரில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது, மழைக்குத் துணி அடைக்கிறேன். அப்போது ஜனாதிபதி ஒரு குழு போட்டார். புரொப்பேன், பியூட்டேன் கலவையின் அளவு மாறியதுதான் முக்கிய காரணம் என்று சொன்னார்கள். சரி, அந்த மாற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டிய அமைச்சர் யார், அவர் யாருக்குப் பதில் சொன்னார்?

இன்னொன்று. போன வருசம் நுகர்வோர் விழிப்புணர்வு என்று ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ரோல்ஸ், பிளேன்டீ, ஆளுக்கொரு தொப்பி. தொப்பி நல்ல தொப்பி, மகன் இப்பவும் போடுகிறான். கேஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுவும் எங்கள் காசுதானே?

'அமைச்சர் பொறுப்புக் கூற வேண்டும்' என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். கல்லடியில் இருந்துகொண்டு நான் அதை எப்படிச் செய்வது?

பதில்: செங்கலடி தம்பி

அக்கா, ஆசைப்படாதீங்க. 2023 செப்டெம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல்லவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. ஆதரவு 73, எதிர்ப்பு 113. அடுத்த மாதம் சுற்றாடல் அமைச்சைக் கொடுத்தார்கள். பிறகு 2024 பெப்ரவரி 2ஆம் தேதி, இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் சிஐடி அவரைக் கைது செய்தது. பாராளுமன்றம் அசையவில்லை, பொலிஸ்தான் போக வேண்டி வந்தது. உங்கள் சிலிண்டருக்கு யார் வரப் போகிறார்கள்?

பதில்: பழைய லிகிதர், களுவாஞ்சிக்குடி

தம்பி சொன்னது உண்மை, ஆனால் அரைவாசிதான். 31 வருசம் கோப்பு தூக்கியவன் சொல்கிறேன், கேளுங்கோ தங்கச்சி.

அமைச்சர் தப்புவது எங்கே என்றால், காசுக்குக் கையெழுத்து அவருடையது இல்லை. அமைச்சின் செயலாளர்தான் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர். கணக்காய்வாளர் நாயகம் பிழை கண்டால், பாராளுமன்றத்தில் அரச கணக்குகளைப் பார்க்கும் கோபா குழுவுக்கு முன் வந்து வியர்ப்பது செயலாளரும் அதிகாரிகளும். அமைச்சர் அடுத்த நாள் வேறு ஊரில் நாடா வெட்டிக்கொண்டு இருப்பார்.

ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு பிரிவு உண்டு. கனபேர் வாசிப்பதில்லை. 8ஆம் பிரிவு: ஒவ்வொரு அமைச்சரும் ஜூன் 30க்கு முன்னும் டிசம்பர் 31க்கு முன்னும், வருசத்துக்கு இரண்டு அறிக்கை வெளியிட வேண்டும். ஒதுக்கிய பணம், செலவழித்த பணம் எல்லாம் அதில் வரவேண்டும். 9ஆம் பிரிவு: ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட, உள்நாட்டுப் பணத்தில் நடக்கும் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அமைச்சர் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டிலும் கடமை 'அமைச்சருக்கு' என்றுதான் எழுதியிருக்கிறது. செயலாளருக்கு என்று இல்லை. நீங்கள் பிடிக்க வேண்டிய நுனி அதுதான்.

இனி எழுதும் விதம். 'ஏன் எங்களைக் கவனிக்கவில்லை' என்று எழுதினால் பதில் வராது, அது தகவல் இல்லை, கோபம். நானும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அப்படியான கடிதங்களைப் பத்திரமாக அலமாரியில் வைத்தவன்தான். இப்படிக் கேளுங்கள்: 'மட்டக்களப்பு மாவட்டத்தில் கடந்த வருடம் எத்தனை கேஸ் சிலிண்டர்கள் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டன? தேதிகளும் முடிவுகளும் தருக. அதே வருடம் இந்த மாவட்டத்தில் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குச் செலவான தொகை எவ்வளவு? வவுச்சர்களின் பிரதி தருக. 8ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் கடைசியாக வெளியிட்ட அறிக்கையின் பிரதி தருக.' பரிசோதனை பூச்சியம், தொப்பி இத்தனை லட்சம் என்று வந்தால், அந்த ஒரு தாளை எந்த எம்பியிடமும் கொடுக்கலாம். வாய்மூலக் கேள்வியாக அவர் சபையில் கேட்டால் அமைச்சர் தரப்பு எழும்பித்தான் ஆகவேண்டும்.

தகவல் வைத்திருக்கும் அரச அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்' மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

சிலிண்டர் முறைப்பாடு வேறு. அதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள். அவர்களுடைய 1977 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னதோடு விடாதீர்கள். பில் வேண்டும். சிலிண்டரின் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

பதில்: சாய்ந்தமருது கடைக்காரன்

லிகிதர் ஐயா சொன்னதோடு என்னுடைய வயிற்றெரிச்சலையும் போடுகிறேன். 2021இல் நுகர்வோர் சட்டத்தைத் திருத்தின பிறகு, அரிசியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் ஐந்து ரூபா கூட்டி விற்றாலும் என்னைப் போன்ற தனியாளுக்குக் குறைந்தது ஒரு லட்சம் தண்டம். நான் மொத்தமாக எடுக்கும் விலையே கட்டுப்பாட்டு விலையைத் தாண்டி நிற்கிற நாளும் உண்டு. அதைக் கேட்க யாரும் மில்லுக்குப் போனதை நான் காணவில்லை. என் கடைக்கு மட்டும் வாகனத்தில் வருவார்கள்.

தங்கச்சி, கேட்கிறதோடு இதையும் சேருங்கள்: எங்கட கரையோரத்தில் எத்தனை சோதனை சில்லறைக் கடையில், எத்தனை இறக்குமதியாளரிடம், மில்காரரிடம். அம்பாறைக்கு நான் போடுகிறேன், மட்டக்களப்புக்கு நீங்கள் போடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பதில்: கல்லடி இடியப்பக்காரி

எல்லாருக்கும் நன்றி. பில் அரிசி டின்னுக்குள் இருந்தது. ஆனால் அது சூடு பட்டால் கறுக்கிற தாள், நெருப்புப் பக்கத்தில் இருந்து கறுத்துப் போய், தேதி தெரியவில்லை. விலை மட்டும் தெரிகிறது. இது செல்லுமா? சிலிண்டர் இன்னும் மாமரத்தடியில்தான், கோழிகூட அந்தப் பக்கம் போகுதில்லை.

பதில்: பழைய லிகிதர், களுவாஞ்சிக்குடி

அந்தத் தாளை எறியாதீர்கள். கடைக்காரரிடம் போய், அவருடைய விற்பனைப் புத்தகத்தில் அன்றைய தேதிப் பக்கத்தைப் படம் எடுங்கள். தரமாட்டேன் என்றால், தேதியோடு ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் சத்தம் போடாமல் திரும்பி வந்து, மாட்டேன் என்றதையும் நேரத்தையும் முறைப்பாட்டில் ஒரு வரி சேருங்கள். நாளைக்குக் காலையிலேயே போங்கோ, பின்னேரம் அவர் கடையில் இருக்கமாட்டார்.