பெயிண்ட் வாளியா, பழைய பானையா? கோழிக்கு எது சரி?

பாலக்கோட்டான்:
வீட்டுக்குப் பின்னால் ஒன்பது நாட்டுக்கோழி. விறகு அடுக்கு, மாட்டுத்தொட்டி ஓரம், போன வாரம் மோட்டார் ரூமுக்குள்ளேயே என்று கண்ட இடத்தில் முட்டை போட்டன. வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூன்றைக் கழுவிப் படுக்கவைத்தேன். மூடியைப் பாதியாக அறுத்து, உள்ளே பரப்பும் தாள் (காய்ந்த வைக்கோல்) வெளியே சரியாதபடி வாயின் கீழ்ப்பக்கம் தடுப்பாக மாட்டினேன். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல், உள்ளே கேழ்வரகுத் தாள். காசு செலவே இல்லை. காசு கொடுத்து முட்டையிடும் பெட்டி வாங்காதீர்கள்.

அரூர் சேவல்:
வாளி, டின் எல்லாம் டவுன்காரர் விளையாட்டு. எங்கள் பாட்டி ஓரம் உடைந்த பானையில் பாதி மணல் கொட்டி, மேலே வைக்கோல் போட்டு, இருட்டு மூலையில் வைப்பார். அவ்வளவுதான். நானும் புத்திசாலித்தனமாக 15 கிலோ எண்ணெய் டின்னை வெட்டி, சித்திரையில் தகர ஷெட்டுக்குள் அடை வைத்தேன். பதினோரு முட்டையில் பொரித்தது மூன்று. மதியமானால் கோழி வாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நிற்கும். அடை முட்டைக்கு 37, 38 டிகிரி சூடு போதும். 40ஐத் தாண்டி நின்றால் உள்ளே கரு செத்துவிடும். மண்பானை அப்படிக் காயாது.

பாலக்கோட்டான்:
அண்ணா, முட்டை போடுவதும் அடை காப்பதும் ஒன்றா? முட்டையிட வரும் கோழி பெரும்பாலும் காலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கொக்கரித்துவிட்டுப் போய்விடும். அடைக்கோழிதான் 21 நாள் அங்கேயே கிடக்கும். அதற்குப் பானையே வையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு எண்ணெய் டின்னின் அகலம் சுமார் ஒன்பது அங்குலம்தான். கோழி திரும்பவே இடம் இருக்காது. டின் செய்த குற்றத்தை என் வாளி மேல் போடாதீர்கள்.

பெண்ணாகரம் சந்தை:
பூச்சிமருந்து கேனை மட்டும் யாரும் அறுத்து வைத்துவிடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார், சண்டை போட்டுத்தான் எடுக்கவைத்தேன்.

ராயக்கோட்டை அக்கா:
பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு எதற்குச் சண்டை? எங்கள் வீட்டில் விரிசல் விட்ட தக்காளி கிரேட். சுற்றிலும் ஓட்டை, காற்று நன்றாக வரும். ஆனால் முதல் மாதம் ஒரு கோழியும் எட்டிப் பார்க்கவில்லை. வெளிச்சம்தான் காரணம். மூன்று பக்கமும் பழைய சாக்கைச் சுற்றித் தைத்தேன். மூன்றாம் நாள் கருப்பி உள்ளே போய், காலால் தாளைக் கிளறி, நெஞ்சை வைத்து அழுத்திக் குழி பண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்று, ராத்திரி அடையும் கழி முட்டையிடும் இடத்தைவிட ஒரு முழமாவது உயரத்தில் இருக்க வேண்டும். கோழி உயரம் தேடித்தான் தூங்கும். கழி தாழ்ந்திருந்தால் வாளியிலோ பானையிலோ படுத்துக்கொள்ளும். அப்புறம் காலையில் எச்சத்தைத் துடைத்துத்தான் முட்டை எடுக்க வேண்டும்.

அரூர் சேவல்:
அக்கா சொன்னது சரி. ஆனால் கோழி மேல் ஒட்டி ரத்தம் குடிக்கிற செள்ளுப்பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள்? பானைக்குள் கொஞ்சம் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினால் ஒழிந்தது. தம்பியின் வாளியில் கொளுத்த முடியுமா?

பாலக்கோட்டான்:
வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் ஆச்சு. விரிசல் விழுந்த பானையில்தான் செள்ளு ஒளிந்துகொள்ளும்.

ராயக்கோட்டை அக்கா:
தாளை அடிக்கடி மாற்றி, அடியில் அடுப்புச் சாம்பல் தூவுங்கள். இரண்டுக்கும் அதுதான் வழி.

ஓசூர்க்காரன்:
எங்களுக்கு உங்கள் அளவு வெயில் இல்லை. நான் வாளிக் கட்சி. நாலைந்து கோழிக்கு ஒன்று என்று வைத்தாலே போதும் என்கிறார்கள்.

பாலக்கோட்டான்:
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கில் எனக்கு இரண்டே போதும், மூன்று வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாம் நடுவாளிக்குத்தான் வரிசை. நேற்று ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி உட்கார்ந்து, ஒரு முட்டை உடைந்துபோனது. மற்ற இரண்டில் தாள்கூடக் கலையவில்லை.

அரூர் சேவல்:
நடுவாளியில் என்ன விசேஷம்?

பாலக்கோட்டான்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பழைய கூமுட்டை, எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

ராயக்கோட்டை அக்கா:
அதேதான். முட்டை கிடக்கிற இடத்தில்தான் முட்டை போடும். கூமுட்டையை உடையாமல் எடுத்துத் தூரப் போடுங்கள், நாறிவிடும். மற்ற இரண்டிலும் வெள்ளைக் கூழாங்கல்லோ பிங்பாங் பந்தோ வையுங்கள்.

அரூர் சேவல்:
அப்படியே என் பானை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள் தம்பி, அதிலும் ஒரு கல்லோடு. எதில் ஏறுகிறது என்று பார்ப்போம்.

பாலக்கோட்டான்:
வெள்ளிக்கிழமை மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் வருகிறேன், எடுத்து வையுங்கள். ஆனால் பானையும் வாளியும் ஒரே புங்கமர நிழலில்தான் இருக்கும், சொல்லிவிட்டேன்.