புதுப்பிப்பு: செயின்சா சைலன்சரைத் திறந்த பிறகு

விலை குறைந்த 58 சிசி செயின்சாவில் சைலன்சர் வழியைப் பெரிதாக்கினால் இழுவை கூடுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூடுகிறது. இன்னொரு துளை போட்டு, பிசிறை அராவி, இரும்புத்தூளைச் சுத்தமாக ஊதி எடுத்தேன்.

ஆனால் முதல் நாள் கார்புரேட்டரைத் தொடாமலே ஓட்டிவிட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தது! புகை தாராளமாக வெளியேறினால் காற்று கூடுதலாக வரும், பெட்ரோல் பத்தாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதானே வருகிறது, அதுவும் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் எச் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திறந்தேன், பெட்ரோல் கூடியது. இப்போது பிளக் காபித்தூள் நிறம், அதுதான் சரி.

மன்னார்குடிக் கொல்லையில் முன்பு பாதியில் திணறிய பூவரசங்கட்டை இப்போது ஒரே இறக்கத்தில் அறுபடுகிறது. சத்தம் அதிகம், காதை அடைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சைலன்சரிலிருந்து தீப்பொறி பறக்காமல் தடுக்கும் வலையைத் திரும்ப மாட்டிவிட்டேன். பக்கத்திலேயே வைக்கோல் போர் இருக்கிறது.